பதிலோடு போன இடம்

எங்கள் அப்பா வீராசாமியிடம் யாராவது "மீன் எங்க பட்டுது?" என்று கேட்டால், "தண்ணியில" என்பார். கேட்டவர் சிரித்தாலும் சரி, முறைத்தாலும் சரி, அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கோவளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் குப்பத்தில் இதைத் திமிர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடலுக்கடியில் பாறைத் திட்டு இருக்கும் இடத்துக்கு எங்கள் பேச்சில் 'பார்' என்று பெயர். அங்கேதான் சங்கரா மீனும் களவா மீனும் கூட்டமாகக் கிடக்கும். நல்ல பார் ஒன்றைக் கண்டுபிடித்தவன் தன் மகனுக்கும் படகில் கூட வருகிற ஆளுக்கும் மட்டும் அதைக் காட்டுவான். மகளுக்குக் காட்டுவதில்லை. அவள்தான் படகில் ஏறப்போவதில்லையே.

நான் ஆறு வயதிலிருந்து கேட்டேன். "தண்ணியில" என்று எனக்கும் அதே பதில்தான். அழுது புரண்டால், "உங்கம்மாவக் கேளு" என்பார். அம்மாவைக் கேட்டால், "எனுக்குத் தெரிஞ்சா நானே போய்ப் புடிச்சாந்து இருக்க மாட்டேனா, உங்கப்பன ஏன் எதிர்பாத்துகினு கீறேன்?" என்பாள். என் அண்ணன் விக்கிக்குப் பதினைந்து வயதானதும் அப்பா அவனைக் கூட்டிப் போனார். திரும்பி வந்தவனிடம் கேட்டேன். என் அண்ணன், என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், கொஞ்சமும் கூச்சமில்லாமல் "தண்ணியில" என்றான். அவன் முதுகில் நான் அன்று வைத்த அறையின் சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்டதாம்.

அம்மா அந்த மீனைக் கூடையில் சுமந்து சிட்லபாக்கம் வந்து விற்பாள். சனிக்கிழமைகளில் நானும் கூட வருவேன். இரண்டு பஸ் மாற வேண்டும். கண்டக்டர் "கூடைய மேல ஏத்தாத, நாறுது" என்று கத்துவார். அம்மா ஏற்றிவிட்டுத்தான் பதில் சொல்வாள். ஏரிக்கரையை ஒட்டிய தெருக்களில் அப்போது பாதி மனைகள் காலி. மீதி வீடுகளில் ரிட்டயரான சார்கள் பனியனோடு கேட்டைத் திறந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, மீனின் செவுளைப் பார்ப்பார்கள். அம்மா பேரம் பேசும் நேரத்தில் நான் அந்த வீடுகளின் பழைய பத்திரிகைகளை வாங்கிப் படிப்பேன். ரயில்வேயில் கார்டாக இருந்த ஒருவர் வீட்டில் எனக்கென்று ஒரு கட்டே எடுத்து வைத்திருப்பார்கள். கூடை காலியானதும் கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டு, சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஆளுக்கொரு பன்னும் டீயும் சாப்பிடுவோம். படித்து வேலைக்குப் போனபின் எத்தனையோ ஓட்டல்களில் சாப்பிட்டாயிற்று. அந்தப் பன் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை.

இப்போது நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் மென்பொருள் எழுதும் வேலை. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு மூட்டு வலி, விக்கி வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து உலகத்தையே திட்டிக்கொண்டிருக்கிறாள். அப்பாவின் பாருக்கு இப்போது போவது இரண்டே பேர். ஒருவன் விக்கி. இன்னொருவர் ஜீவானந்தம். அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது படகுக்கு வந்தவர், பதினாறு வருஷமாக விக்கியோடுதான் போகிறார். நான் அவரை ஜீவாண்ணா என்பேன். நான் சம்பளத்தில் முதலில் வாங்கிய ஸ்கூட்டரை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் பேர்வழி என்று வேலிக்குள் விட்டவரும் அவர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மா கூடையில் கொண்டுபோனதை நாம் பார்சலில் கொண்டுபோனால் என்ன? 'வீராசாமி மீன்' என்று ஒரு வெப்சைட் போட்டேன். முகப்பில் அப்பாவின் படம். விக்கியும் ஜீவாண்ணாவும் பிடிக்கிற மீனைச் சுத்தம் செய்து சிட்லபாக்கம், பெருங்களத்தூர் பக்கத்து வீடுகளுக்கு அனுப்புவோம். பார்சலில் க்யூஆர் என்கிற சின்னக் கட்டக்குறி ஒன்று இருக்கும். போனை அதன் மேல் காட்டினால் ஒரு பக்கம் திறந்து, என்ன மீன், எந்தப் படகு, பிடித்தவர் யார், எத்தனை மணிக்கு என்று சொல்லும். ஜனங்களுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "ஜீவானந்தம் புடிச்ச மீனு இன்னிக்குக் கெடைக்குமா?" என்று ஒரு மாமி போன் செய்து கேட்டாள். ஜீவாண்ணா ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

இந்த விவரத்தையெல்லாம் படகிலேயே விக்கி தன் போனில் தட்டிவிடுவான். அவன் தட்டும்போது, அந்த நேரத்தில் போன் எங்கே இருக்கிறது என்பதையும் என் நிரல் எடுத்துக்கொள்ளும். அட்சரேகை, தீர்க்கரேகை, துல்லியமாக. அதை எழுதியவள் நான். விக்கியிடம் நான் சொல்லவில்லை. வியாபாரத்துக்கு அது தேவையே இல்லை. எனக்காகத்தான் எடுத்தேன்.

முதல் நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து, கதவைச் சாத்திவிட்டு, வரைபடத்தில் அந்தப் புள்ளியைப் போட்டுப் பார்த்தேன். நீலத்தின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. சுற்றிலும் ஒன்றுமில்லை. அவ்வளவுதான், அப்பா தினமும் போன இடம். இருபத்தெட்டு வருஷம் கேட்டுக் கிடைக்காத பதில். அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை, அன்று அழுதேன். அதற்கப்புறம் மனசு சரியில்லாத நாட்களில் அந்தப் புள்ளியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

இனி என் மண்டைக்கனத்தின் கதை. போனில் பக்கம் திறக்கும்போது அது எங்கள் சர்வரிடம் கேட்கும்: இந்தப் பார்சலைப் பற்றிச் சொல். சர்வர் பதில் அனுப்பும். அந்தப் பதிலில் என்னென்ன போகலாம் என்று தனியாக ஒரு வரையறை எழுதவேண்டும். அப்படி எழுதிவிட்டால், உள்ளே நூறு விவரம் இருந்தாலும் வரையறையில் உள்ளது மட்டும்தான் வெளியே போகும். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது அதை எழுதாமல் விட்டால் நான் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். ஊருக்குத்தான் உபதேசம். என் அப்பா பேரில் போட்ட வெப்சைட்டில் நானே அதை எழுதவில்லை. ஆயுத பூஜைக்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்று அவசரம். சர்வரின் தரவுக் கிடங்கில் இருந்த விவரம் அத்தனையையும் அப்படியே அள்ளிப் பதிலாக அனுப்பினேன். திரையில் நாலைந்து விவரம்தான் தெரியும்படி செய்திருந்தேன். திரையில் தெரியாதது போகவில்லை என்று நினைத்துவிட்டேன். வாயையே திறக்காத குடும்பத்தில் பிறந்தவள் செய்கிற காரியமா இது?

போன மாதம் ஒரு புதன்கிழமை, பெருங்களத்தூர் அபார்ட்மென்ட் ஒன்றில் பார்சல் கொடுக்க நானே போயிருந்தேன். ஷ்யாம்சுந்தர் என்று ஒரு வாடிக்கையாளர். நெட்வொர்க் வேலை, ஐம்பது வயது இருக்கும், வாரக் கடைசியில் நண்பர்களோடு வாடகைப் படகில் போய்த் தூண்டில் போடுகிற பொழுதுபோக்கு. கதவைத் திறந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், உங்க சைட் சூப்பர். லொகேஷன்கூடக் குடுக்கறீங்களே! யாரும் இப்படிக் குடுக்க மாட்டாங்க."

"எந்த லொகேஷன் சார்?"

"மீன் புடிச்ச இடம் மேடம். ஸ்கிரீன்ல காட்டல, ஆனா பின்னாடி வர்ற டேட்டால இருக்கே. எனக்கு எந்த சைட்டுக்குப் போனாலும் பின்னாடி என்ன வருதுன்னு பாக்கற பழக்கம்." போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். இரண்டு கையிலும் ஒரு களவாவைத் தூக்கிப் பிடித்திருந்தார். "ஞாயித்துக்கிழமை எங்க குரூப் மூணு போட்டுல போனோம். ஒரு மணி நேரத்துல இது. உங்களுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்."

நல்ல மனுஷன். திருடவில்லை, பூட்டை உடைக்கவில்லை. நான் கதவைத் திறந்து வைத்திருந்தேன், அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஜிஎஸ்டி ரோட்டில் ஸ்கூட்டரை ஓட்டி வரும்போது யார் யாரோ ஹார்ன் அடித்தார்கள். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சரிசெய்தேன். பதிலுக்கு ஒரு வரையறை: மீனின் பெயர், படகு, பிடித்தவர், நேரம். நாலே வரி. எழுதி, சோதித்து, ஏற்றுவதற்கு இருபது நிமிஷம் ஆகவில்லை. மறுநாள் ஷ்யாம்சுந்தரிடமிருந்து செய்தி: "மேடம், லொகேஷன் வரலையே, பக்-கா?" நிரலில் பிழை என்றால் எங்கள் தொழிலில் பக். நான் எழுதினேன்: "இல்ல சார், முன்னாடி வந்ததுதான் பக்." அவர் சிரிப்பு பொம்மை ஒன்று அனுப்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனிமேல் போகாமல் தடுக்கலாம். போனதை யார் திருப்பிக் கொண்டுவருவது?

சனிக்கிழமை விக்கி வேனில் மீன் கொண்டுவந்தான். தனியாக வந்தான்.

"ஜீவாண்ணா எங்க?" என்றேன்.

"அவன் பேச்ச எடுக்காத." பெட்டியைத் தொப்பென்று வைத்தான். "நம்ம பார்ல மூணு போட்டு நிக்கிது பாப்பா. டவுன்காரனுங்க, தொப்பி போட்டுகினு, பாட்டு போட்டுகினு. அப்பா காலத்துல இருந்து ஒரு ஈ காக்கா வந்ததில்ல அங்க. தெரிஞ்சவன் ரெண்டே பேரு. நான் சொல்லல. அப்ப யாரு?"

நான் பெட்டியின் மூடியைத் திறந்தேன்.

எங்கள் குப்பத்தில் இதற்குப் பஞ்சாயத்து கிடையாது. விடியற்காலை கடலுக்குப் போகிறவன் கூட வருகிற ஆளின் கதவைத் தட்டிக் கூப்பிட வேண்டும். அதுதான் முறை. போனெல்லாம் வந்தபிறகும் கதவைத்தான் தட்டுகிறார்கள். இடத்தைச் சொல்லிவிட்டான் என்று யார் மேலாவது சந்தேகம் வந்தால் சண்டை போட மாட்டார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள். தட்டாமல் போய்விடுவார்கள். அவ்வளவுதான், எல்லோருக்கும் புரிந்துவிடும். அப்புறம் வேறெந்தப் படகுக்காரனும் அந்தக் கதவைத் தட்ட மாட்டான். திங்கட்கிழமையிலிருந்து விக்கி ஜீவாண்ணாவின் கதவைத் தட்டவில்லை.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். 'அண்ணா, நான்தான்' என்று இரண்டு வார்த்தை. சொல்லவில்லை. மீனை எடை போட்டேன், ஐஸ் கட்டினேன், டீ போட்டுக் கொடுத்தேன். சொன்னால் ஏன் அந்த இடத்தை எடுத்தாய் என்று கேட்பான். வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் அழுததை அவனிடம் எப்படிச் சொல்வேன்? ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கோழை என்றால் கோழைதான், பூசி மெழுக ஒன்றுமில்லை. ஒரு மனுஷனின் பேர் நாறிக்கொண்டிருக்க, நான் ஆபீஸில் உட்கார்ந்து இன்னொருவன் எழுதியதில் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை விக்கி வந்தபோது அவன் முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது. பார்க்கவே கசப்பாக இருந்தது.

"நான் சொன்னேன்ல? போன ஞாயித்துக்கெயம அந்த டவுன்காரனுங்க போட்டுல ஜீவா கீறாரு. என் கண்ணால பாத்தேன். நம்ம பார் மேலயே நங்கூரம் போட்டுகினு. பதினாறு வருசம் பாப்பா. அப்பா கையால சோறு துன்ன ஆளு."

வேலை கொடுக்க ஆளில்லாமல் வாடகைப் படகுக்குப் போயிருக்கிறார் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. நான் அன்றும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. மறுநாள் மத்தியானம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டைப் பிடித்துக் குப்பத்துக்குப் போனேன்.

விக்கி கரையில் படகு நிழலில் இருந்தான். அவன் எதிரில் நின்று, ஒன்று விடாமல் சொன்னேன். போன் இடத்தை எடுத்தது, நான் எடுக்க வைத்தது, பதிலோடு அது வெளியே போனது, ஷ்யாம்சுந்தர் பார்த்தது. கடைசியாக, எதற்காக எடுத்தேன் என்பதையும்.

அவனுக்குச் சர்வரும் வரையறையும் புரிந்ததா தெரியாது. புரிய வேண்டியது புரிந்தது. என்னைப் பார்க்காமல், அலையைப் பார்த்துச் சொன்னான்:

"அப்பா உனுக்குச் சொல்லாத வச்சிருந்தது சரிதான்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். பதிலுக்கு எனக்கும் ஆயிரம் வந்தது. பெண் பிள்ளை என்று ஒதுக்கி வைத்ததால்தானே திருடிப் பார்க்கவேண்டி வந்தது என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். நான் வந்தது அந்த வழக்கைப் பேச இல்லை.

"என்னைத் திட்டறது அப்புறம். ஜீவாண்ணா வூட்டுக்கு வா."

"எந்த மூஞ்சிய வச்சுகினு வர்றது?"

"என் மூஞ்சி மட்டும் நல்லாவா கீது? வா."

நான் நடந்தேன். பத்தடி பின்னால் அவன் வருகிற சத்தம் மணலில் கேட்டது.

ஜீவாண்ணா வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு, சிக்கிய தூண்டில் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வா பாப்பா, என் மீனக் கேட்ட அந்த மாமி சௌக்கியமா?" என்றார். என் பின்னால் விக்கி நிற்பதைப் பார்த்தார். கை கயிற்றிலேயே இருந்தது.

"ஜீவாண்ணா, இடத்தச் சொன்னது நீங்க இல்ல. நான். தெரியாம என் வெப்சைட்டு வழியாப் போயிடுச்சு. எனக்குத் தெரிஞ்சு பத்து நாளாச்சு. வாயத் தொறக்காம இருந்துட்டேன். மன்னிச்சிடுங்க." பஸ் ஏறுகிற அவசரத்தில் சொல்வதுபோலக் கடகடவென்று சொல்லி முடித்தேன்.

"தெரியும் பாப்பா."

நான் விழித்தேன்.

"அந்த பெருங்களத்தூர் சாரு போட்டுலதான் போனேன். போனக் காட்டி, இந்த இடத்துக்கு வுடுன்னாரு. பாத்தா நம்ம பாரு. எப்டி சார் தெரியும்னேன். மீன் பார்சல்ல இருந்து எட்த்தேன்னு எல்லாம் காட்டினாரு. மேல வீராசாமி அண்ணன் போட்டோ கீது." கயிற்றின் ஒரு முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். "நீ வேணும்னு பண்ணியிருக்க மாட்டன்னு எனுக்குத் தெரியாதா?"

விக்கி முன்னால் வந்தான். அவன் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"தெரிஞ்சும் ஏன்ணா சொல்லல? ரெண்டு வாரமா குப்பமே உன்ன ஒரு மாதிரி பாக்குது. ஒரு வார்த்த என்கிட்ட வந்து சொல்லியிருந்தா இன்னா?"

ஜீவாண்ணா கயிற்றைக் கீழே வைத்தார். முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"பதினாறு வருசம் ஒரே படகு. 'ஜீவாண்ணா, நீ சொன்னியா'ன்னு ஒரு வார்த்த நீ கேட்டியாடா?"

விக்கி அந்த மண்ணிலேயே உட்கார்ந்தான். நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜீவாண்ணா மறுபடி கயிற்றை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார். எங்கள் இரண்டு பேரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.